வீட்டில் இருமுவது யார்?
கைக்குழந்தையின் மூளையைத் தாக்கும் காசநோயைக் கண்டுபிடிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கூட்டம் நெரிகிறது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழை இலை, தேங்காய், மீன் என்று ஊர் வாசனையைத் தேடித் தில்லியின் நாலா திசைகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேரும் இடம் இது. கணவர் கையில் பை, மனைவி இடுப்பில் குழந்தை.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு வகை மனிதர்களையும் காணலாம். கையில் எக்ஸ்ரே உறை, சட்டைப் பையில் மடித்த மருந்துச் சீட்டு, கண்ணில் தூக்கமின்மை. இவர்கள் காய்கறி வாங்க வந்தவர்கள் அல்ல. பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குப் பழமும் பாலும் வாங்க வந்தவர்கள். மார்க்கெட்டிலிருந்து அரவிந்தர் சாலையில் தெற்கே நடந்தால் ரிங் ரோடு சந்திப்பு. அதைத் தாண்டினால் இடப்புறம் 1956-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். வலப்புறம் சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. இதே சாலையில் இன்னும் தெற்கே குதுப்மினார் பக்கம் போனால் தேசியக் காசநோய் மற்றும் சுவாச நோய்கள் கழகம். நாட்டின் பெரிய மருத்துவ நிலையங்களில் மூன்று, ஒரே சாலையில்!

இருந்தும் ஒரு நோய் விஷயத்தில் அந்தச் சிறிய தூரத்தைக் கடக்கச் சில குடும்பங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிடுகிறது. அந்த மூன்று வாரத்தில்தான் குழந்தையின் வாழ்வே அடங்கியிருக்கிறது. கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோய்தான் அது. மூளை உறைக் காசநோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

மூளைக்கு எப்படிப் போகிறது?

காசநோய் என்றால் நெஞ்சு நோய், இருமலும் ரத்தமும் வரும் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நெஞ்சில் காசநோய் உள்ள பெரியவர் ஒருவர் இருமும்போது கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அதே அறையில் படுத்திருக்கும் குழந்தை அந்தக் காற்றைச் சுவாசிக்கிறது. கிருமி முதலில் குழந்தையின் நுரையீரலில் இறங்குகிறது. வளர்ந்தவர்கள் பெரும்பாலோரிடம் உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அங்கேயே அடக்கி வைத்துவிடும். கைக்குழந்தைக்கு அந்தச் சக்தி இன்னும் முதிரவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. மூளையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகளாகத் தங்குகிறது. அவற்றில் ஒன்று உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்தவுடன் நோய் மூளுகிறது. இதை 1933-இல் அமெரிக்காவில் ரிச், மக்கார்டக் என்ற இருவர் விளக்கினார்கள்.

பெரும்பாலும் தொற்றிய இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் இது நிகழ்ந்துவிடுகிறது. ஒரு வயதுக்குள் கிருமி தொற்றிய குழந்தைகளில், தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் வரும். நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அது உடலெங்குமோ மூளையிலோ பரவும். இது பழைய காலத்து அனுபவங்களைத் தொகுத்து மருத்துவர்கள் கண்ட கணக்கு.

இந்த நோயைக் குழந்தைகளிடம் முதன்முதல் தெளிவாக விவரித்தவர் எடின்பரோவின் ராபர்ட் விட். அவருடைய நூல் 1768-இல் வெளிவந்தது. அன்று முதல் 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும் வரை இந்த நோய் வந்த குழந்தை பிழைப்பது அரிதினும் அரிது. இன்று மருந்து இருக்கிறது. ஆனால் நோயை நேரத்தில் கண்டுபிடித்தால்தான் அந்த மருந்து முழுப் பலன் தரும்.

ஓர் அறை, நான்கு பேர்

கோட்லா முபாரக்பூரில் ஓர் அறையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மனைவி ஊரிலிருந்து வந்து ஓர் ஆண்டுதான் ஆகிறது, இந்தி வராது. எட்டு மாதக் குழந்தை. வேலை தேடி வந்த கணவரின் தம்பியும் அதே அறையில். தம்பிக்கு இரண்டு மாதமாக இருமல். "தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைக்கு லேசாகச் சுரம். பால் குடிக்க மறுக்கிறது. தூக்கினால் சிணுங்குகிறது, படுக்க வைத்தாலும் சிணுங்குகிறது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் கொடுக்கிறார் தகப்பனார். சுரம் இறங்கி மறுபடி ஏறுகிறது. ஊருக்குப் போன் போட்டால் பாட்டி சொல்கிறாள்: "பல்லு முளைக்குதுடா. இல்லேன்னா உரம் விழுந்திருக்கும். யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்லு." அடுத்த வாரம் வாந்தி. அஜீரணம் என்று இன்னொரு பாட்டில். மூன்றாவது வாரம் குழந்தை எந்நேரமும் தூங்குகிறது. "அப்பாடா, அழுகை நின்றது" என்று வீடு நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து. இரண்டு நாளில் ஒரு கண் மாறுகண்ணாகிறது, வலிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் கேட்கிறார்: வீட்டில் யாருக்காவது டி.பி. உண்டா? தகப்பனார் சட்டென்று "நஹி" என்கிறார்.

"என்ன கேட்டாங்க?" என்கிறாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. நீ சும்மா இரு."

வெளியே வந்தபின் அவள் மெல்லக் கேட்கிறாள்: "உங்க தம்பி இருமறதைச் சொன்னீங்களாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வார். இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தத் தயக்கம் கற்பனையல்ல. தில்லி என்றாலும் சென்னை என்றாலும் காசநோய் என்றவுடன் எழும் வெட்கமும் பயமும் எல்லோரும் அறிந்தவை.

டாக்டருக்கு ஏன் இது கஷ்டம்?

பெரியவர்களுக்கு மூளை உறையில் அழற்சி வந்தால் தலைவலி என்பார்கள். கழுத்தை வளைக்க முடியாது. கைக்குழந்தை வாய் திறந்து சொல்லாது. அதன் கழுத்தும் பல சமயம் விறைப்பதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் தெரிவதெல்லாம் சுரம், பால் குடிக்காமை, வாந்தி, சிணுங்கல், எடை ஏறாமை. குழந்தைகளுக்கு வரும் நூறு நோய்களிலும் இவை உண்டு. எனவே முதல் நாளே கண்டுபிடிக்கவில்லை என்று டாக்டரைக் குறை கூற இயலாது.

குழந்தையின் உடல் ஓர் உதவி செய்கிறது. அதுதான் உச்சிக்குழி. மூளையில் நீர் தேங்கி அழுத்தம் கூடினால், அழாமல் அமைதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் உச்சிக்குழி மேடாகப் புடைத்திருக்கும். தலையின் சுற்றளவு வழக்கத்தைவிட வேகமாகக் கூடும். விழிகள் கீழ்நோக்கிச் சரிந்து, மேலே வெள்ளை தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் ஒரு சாதாரண அளவு நாடாவை எடுத்துத் தலையைச் சுற்றி அளக்கிறார். கருவியை வைத்துக் கண்ணின் உட்புறத்தையும் பார்க்கிறார். அங்கே காசநோயின் சிறு புள்ளிகள் தென்பட்டால் அது பெரிய துப்பு.

முதுகில் ஊசி: பயம் தேவையா?

அடுத்தது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரைப் பரிசோதிப்பது. ஜெர்மானிய டாக்டர் குவின்க்கே 1891-இல் விளக்கிய முறையே இன்றும் கையாளப்படுகிறது. இடுப்புக்கு மேல், முதுகெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில சொட்டுகள் எடுக்கிறார்கள்.

இங்கேதான் பல பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. உண்மையில், தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி செல்கிறது. அங்கே நீரும் நரம்பு இழைகளும்தான் உள்ளன. காலை முடக்குவது ஊசியல்ல. சிகிச்சை பெறாத நோயே கையையும் காலையும் கண்ணையும் முடக்குகிறது. மூளையில் அழுத்தம் மிக அதிகம் என்று சந்தேகம் இருந்தால் டாக்டர்கள் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்பே ஊசி போடுவார்கள்.

அந்த நீர் என்ன சொல்கிறது? காசநோயில் பொதுவாக நிண அணுக்கள் கூடியிருக்கும், புரதம் உயர்ந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். எடுத்த நீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் சிலந்தி வலைபோல் ஒரு படலம் உண்டாவதும் உண்டு. ஆனால் கைக்குழந்தையிடம் இதிலும் ஒரு சிக்கல். பிறந்து சில வாரமே ஆன ஆரோக்கியமான குழந்தையிடமும் அந்த நீரில் அணுக்களும் புரதமும் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். எது இயல்பு, எது நோய் என்று பிரிப்பதற்கு அனுபவம் வேண்டும்.

கடையில் வாங்கிக் கொடுத்த மருந்துகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. வேறு கிருமிகளால் வரும் மூளைக் காய்ச்சல் அரைகுறை மருந்தால் பாதி அடங்கினால், அது காசநோயைப் போலவே தோன்றும். எனவே இதுவரை கொடுத்த மருந்தின் சீட்டையும் பாட்டிலையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

கிருமியைத் தேடும் வேட்டை

நீரில் கிருமியை நேரில் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் கிருமிகள் மிகச் சொற்பம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகளிடம் எதுவும் தெரியாது. வளர்த்துப் பார்க்கலாம் என்றால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நோய் அதுவரை காத்திராது.

அண்மைக் காலத்தில் இதில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை வந்தது. இந்தியாவில் இதைச் 'சி.பி. நாட்' என்கிறார்கள், 'ட்ரூநாட்' என்ற இந்தியத் தயாரிப்பும் உண்டு. இந்த வகைச் சோதனையை முதுகு நீரில் முதல் சோதனையாகச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 'உண்டு' என்றால் நம்பலாம்; 'இல்லை' என்றால் நோயே இல்லை என்று பொருளல்ல.

அதனால் டாக்டர்கள் உடலின் மற்ற இடங்களிலும் தடயம் தேடுகிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கைக்குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். ஆகவே காலையில் பால் கொடுக்கும் முன் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்று நீரை எடுத்து, அதில் கிருமியைத் தேடுகிறார்கள். உச்சிக்குழி மூடாதிருப்பதால் அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் வைத்து மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் நீர்த் தேக்கம், மூளையின் அடிப்பகுதியில் அழற்சி, ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடங்கள் ஆகியவை தெரியும். கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மாண்டூ சோதனையும் உண்டு. ஆனால் நோய் முற்றிய குழந்தையிடமும் பச்சிளங்குழந்தையிடமும் தடிப்பு வராமலே போகலாம். தடிப்பு இல்லை என்று நிம்மதி கொள்வதற்கில்லை.

ஆகப் பல துண்டுகளைச் சேர்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். சந்தேகம் பலமாக இருந்தால் கிருமி கிடைக்கும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார். அந்தத் துண்டுகளில் மிகக் கனமான ஒன்று எந்தக் கருவியிலும் கிடைக்காது. வீட்டில் இருமுவது யார் என்ற கேள்விக்கான பதில்தான் அது.

பிறந்த குழந்தைக்குமா?

ஆம், அபூர்வமாகப் பிறந்த சில வாரங்களிலேயே இந்த நோய் தோன்றுவது உண்டு. கருவுற்ற தாய்க்குக் காசநோய் இருந்தால் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். அல்லது பனிக்குட நீரைக் குழந்தை உள்ளிழுப்பதால் போகலாம். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அறிகுறிகள் தெரிகின்றன: சுரம், பால் குடிக்காமை, மூச்சுத் திணறல், ஈரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு உப்புதல். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவியதுபோலவே இது தோன்றும். வழக்கமான மருந்துகள் கொடுத்தும் தேறாவிட்டால் டாக்டர்கள் காசநோயைச் சந்தேகிப்பார்கள். அப்போது தாயையும் பரிசோதிப்பார்கள். சில சமயம் குழந்தையின் நோயைக் கொண்டுதான் தாயின் நோயே வெளிப்படுகிறது. தாய் நல்ல ஆரோக்கியமாகவே தோன்றியிருப்பாள். நோய் கருப்பையில் மறைந்திருக்கும். அதற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை.

சென்னை தந்த பாடம்

இந்த நோயை எதிர்த்த போரில் தமிழகத்தின் பங்கு சிறியதல்ல. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. சானடோரியத்தில் வைத்து வைத்தியம் செய்வதைப் போலவே வீட்டில் வைத்தும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது அந்த மையம்தான். இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மூளைக் காசநோய் கண்ட குழந்தைகளையும் அந்த மையத்தினர் சென்னையில் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 1986-இல் வெளியாயிற்று. ஒரு வயதுக்கு மேற்பட்ட 180 குழந்தைகளுக்கு ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகள் கொடுக்கப்பட்டன. நூற்றுக்கு 27 பேர் இறந்தார்கள். 39 பேர் பிழைத்தும் ஏதாவது ஒரு நரம்புக் குறையோடு வாழ நேர்ந்தது. 34 பேர் முழுக்கக் குணமடைந்தார்கள். எந்தக் கட்டத்தில் குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்தது என்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது. நல்ல மருந்தும் நல்ல டாக்டர்களும் இருந்தும் நிலைமை இதுதான். மருந்து ஒன்றே, வந்து சேர்ந்த நாள்தான் வேறு.

பி.சி.ஜி. ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் கூடம் 1948-இல் கிண்டியில் தொடங்கப்பட்டது. 1968-இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பெரிய சோதனை, பெரியவர்களின் நெஞ்சுக் காசநோயை இது தடுப்பதில்லை என்று காட்டியது. அதைக் கேட்டு "அந்த ஊசியால் பயனில்லை" என்று சொல்வோரும் உண்டு. அது தவறு. குழந்தையின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து பி.சி.ஜி. நல்ல அளவு பாதுகாப்புத் தருகிறது. பிறந்தவுடன் அதைப் போட வேண்டும். ஆனால் அது முழுக் கவசமல்ல. கையில் தழும்பு இருக்கிறதே என்று அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம்

காசநோய்க்கான மருந்துகள் அரசுத் திட்டத்தில் இலவசம். மூளைக் காசநோய்க்கு வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் மருந்து தேவை. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டும் தொடக்கத்தில் சேர்க்கிறார்கள். நீர் தேங்கினால் அதை வடிக்க அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். குழந்தை தேறிவிட்டது என்று நான்காம் மாதத்தில் மருந்தை நிறுத்தி ஊருக்குப் புறப்படுவது பெருந்தவறு. ஊருக்குப் போக நேர்ந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, அங்கே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டு போகலாம். தில்லியில் கிடைக்கும் மருந்து தென்காசியிலும் இலவசமாகக் கிடைக்கும். சத்துணவுக்காக 2018-இல் மாதம் ரூ. 500 என்று தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது. சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுக் காசநோய் என்று தெரிந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நன்றாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். நோய் இல்லை என்று உறுதி செய்தபின், அது வராமல் தடுக்கவும் மருந்து கொடுப்பார்கள். தாய்க்கே நோய் என்றாலும், சிகிச்சை பெற்றுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம். டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டியதில்லை.

குறித்துக்கொள்ளுங்கள்

குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு மேல் சுரம் விட்டு விட்டு வந்தால், பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால், எடை இறங்கினால், மருந்துக் கடையோடு நிற்காமல் குழந்தை டாக்டரிடம் செல்லுங்கள். காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கண் மாறினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். உரம் எடுக்கிறேன், தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையை உருட்டவும் குலுக்கவும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வீட்டில் யார் இருமுகிறார்கள், எத்தனை நாளாக, ஊரிலிருந்து யார் வந்து தங்கிப் போனார்கள், முன்பு யார் மாத்திரை சாப்பிட்டார்கள். இந்தி தெரியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். டி.பி. என்ற சொல் எல்லா மொழியிலும் டி.பி.தான். அதைச் சொல்லி, வீட்டில் இருமுபவரைக் கையோடு அழைத்துச் சென்று டாக்டர் முன் நிறுத்தினால் போதும். அவருக்கும் அன்றே வைத்தியம் தொடங்கும். அதனால் அவருடைய கல்யாணம் நின்றுவிடாது; குணமான பின் அவரும் எல்லோரையும் போல் வாழலாம்.

அடுத்த ஞாயிறும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கூட்டம் கூடும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்கள், போகும் வழியில் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கட்டும்: நம் அறையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால், ஆஸ்பத்திரிக்கு அவர் நாளைக் காலையே போகட்டும். குழந்தையைக் காப்பாற்றும் வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.